கோலை மட்டும் எண்ணாதீர்கள்

டர்பனில் அதிகாலை 2 மணிக்கு முழித்திருந்து வட அமெரிக்காவின் என்ஹெச்எல் ஐஸ் ஹாக்கி பார்க்கிற சாட்ஸ்வர்த் தம்பிகளே, எத்தனை கோல், எத்தனை அசிஸ்ட் (கோலுக்கு உதவிய பாஸ்) என்பதோடு பேச்சை முடித்துவிடாதீர்கள். பக், அதாவது பந்துக்குப் பதிலான ரப்பர் வட்டு, தன்னிடம் வந்ததும் ஒருவர் என்ன முடிவெடுத்தார், அதைத்தான் பார்க்கணும்.

எதிரணியின் பகுதி தொடங்குகிற நீலக்கோட்டில் கவனியுங்கள். பக்கை மட்டையோடு உள்ளே கொண்டுபோகலாம், இல்லையென்றால் மூலைக்கு அடித்துவிட்டுத் துரத்தலாம். வேதியியல் படித்த எரிக் டல்ஸ்கி 2013-இல் தன் குழுவோடு எண்ணிக் காட்டினார்: கொண்டுபோனால் கிடைக்கும் ஷாட்டுகள், அடித்துவிட்டால் கிடைப்பதைவிட இரண்டு மடங்குக்கும் மேல். இன்று அவர் கரோலினா ஹரிக்கேன்ஸ் என்ற என்ஹெச்எல் அணியின் பொது மேலாளர்!

ஆனால் இதை வைத்தே தனி ஒருவரை எடைபோட்டால் அநியாயம். எதிரே இரண்டு பேர் நெருக்கி நிற்க, கூட வந்தவர்கள் ஆள் மாற பெஞ்சுக்குப் போய்விட்டால், அடித்துவிடுவதுதான் புத்தி. அந்த நொடியில் வேறு என்ன வழி திறந்திருந்தது என்பதோடு ஒப்பிடணும். 2021-22 சீசனிலிருந்து ஆட்டக்காரர்களும் பக்கும் எங்கே இருக்கிறார்கள் என்று கருவிகள் பதிவதால் அதற்கு வழி பிறந்திருக்கிறது. அருமையான பாஸை கோல்காப்பாளர் தடுத்துவிட்டாலும், அந்த முடிவு நல்ல முடிவுதான்.

அப்புறம், நம் பள்ளிகளில் தரையில் ஆடும் ஹாக்கிக்குப் பயிற்சி தரும் அண்ணன்மார்களே, பிள்ளைகள் கோலுக்கு முன்னால் உள்ள வட்டத்துக்குள் எப்படி நுழைகிறார்கள் என்று ஒரு நோட்டில் குறிக்கத் தொடங்குங்கள்.