பக்கத்தில் இன்னொரு சிஸ்டர்

2012 செப்டம்பரில் ஒஹையோவில் ஒரு டிபிஏ நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். டிபிஏ என்றால் இன்சூரன்ஸ் கம்பெனி இல்லை. அமெரிக்காவில் பெரிய நிறுவனங்கள் பலவும் ஊழியர்களின் வைத்தியச் செலவைச் சொந்தப் பணத்திலிருந்தே கொடுக்கின்றன. வருகிற பில்லைப் பார்த்து, இதற்குக் கொடுக்கலாம், இதற்குக் கூடாது என்று பிரிக்கிற வேலையை மட்டும் எங்களைப் போல ஒருவரிடம் விட்டுவிடுகின்றன. எந்த பிளானில் எந்த வைத்தியத்துக்கு எவ்வளவு என்பதை சிஸ்டத்தில் ஏற்றுவதுதான் என் வேலை. பில்லில் ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் வரும், 58300 என்றால் கருப்பைக்குள் லூப் வைப்பது, ஜே7300 என்றால் காப்பர் டி. எட்டு வருஷம் இந்த எண்களோடு இருந்திருக்கிறேன், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

நான் சேர்ந்த நேரம் அப்படி. 2010ல் ஒபாமா கையெழுத்திட்ட காப்பீட்டுச் சட்டத்தில், நோய் வருமுன் காக்கும் வைத்தியங்களுக்கு ஊழியரிடம் ஒரு காசு வாங்கக் கூடாது என்று இருந்தது. பெண்களுக்கான அந்தப் பட்டியலில் 2011 ஆகஸ்டில் கருத்தடையையும் அரசு சேர்த்தது. 2012 ஆகஸ்ட் 1 முதல் தொடங்குகிற பிளான் வருஷங்களுக்கு அது நடைமுறை. ஞாயிற்றுக்கிழமை பூசை நடக்கிற கோயில்களுக்கு முழு விலக்கு கொடுத்துவிட்டார்கள், அதில் யாருக்கும் சண்டை இல்லை. கத்தோலிக்க ஆஸ்பத்திரி, கல்லூரி, முதியோர் இல்லம் இதெல்லாம்தான் பிரச்சினை. அவற்றை நடத்துவது சபை, ஆனால் அங்கே பாத்திரம் கழுவுகிறவர், ராத்திரி ஷிப்ட் பார்க்கிற நர்ஸ், கணக்கு எழுதுகிறவர் என்று எத்தனையோ பேர் வேறு கோயிலுக்குப் போகிறவர்கள், எந்தக் கோயிலுக்கும் போகாதவர்கள்.

நான் தூத்துக்குடிப் பக்கத்துக் கத்தோலிக்கப் பெண். 1968ல் பாப்பரசர் ஆறாம் பவுல் செயற்கைக் கருத்தடை கூடாது என்று சுற்றுமடல் எழுதியதும், எங்கள் ஊரில் அதை அநேகம் பேர் கண்டுகொள்ளாததும் எனக்குத் தெரியும். கண்டுகொண்டவர்களில் ஒருவர் என் அம்மா.

அம்மா அரசு ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸ். எண்பதுகளில் மாதத்துக்கு இத்தனை கு.க. ஆபரேஷன் என்று இலக்கு இருந்த காலம், 1996 வரைக்கும் அது நடந்தது. முகாம் அன்றைக்கு அம்மா காலையிலேயே போய்விடுவார். வந்திருக்கிற பெண்களுக்கு பிபி பார்ப்பார், ஆபரேஷன் முடிந்து மயக்கம் தெளியாமல் கிடக்கிறவர்களின் பக்கத்தில் உட்காருவார், கைக்குழந்தை அழுதால் தூக்கி வைத்துக்கொள்வார், கட்டுப் பிரிப்பார், மாத்திரை கொடுப்பார். சம்மதப் படிவத்தில் சாட்சிக் கையெழுத்து மட்டும் போடமாட்டார். பக்கத்து வார்டு சிஸ்டர் வந்து போட்டுவிட்டுப் போவார். அந்த சிஸ்டர் சி.எஸ்.ஐ. கோயிலுக்குப் போகிறவர், அவருக்கு இதில் ஒரு உறுத்தலும் இல்லை. டாக்டருக்கும் தெரியும். யாரும் எதுவும் பேசிக்கொண்டதில்லை, வருஷக்கணக்காக அப்படியே ஓடியது.

இதெல்லாம் எனக்குச் சின்ன வயதுக் கதை. ஒஹையோவில் ஃபார்ம் 700 என் மேஜைக்கு வருகிறவரைக்கும் அதை நினைத்ததே இல்லை.

மத அமைப்புகள் எதிர்த்ததும் அரசு ஒரு நடுவழி கண்டுபிடித்தது, 2013 ஜூலையில் அது விதியாக வந்தது. மத நம்பிக்கையால் கருத்தடைக்குப் பணம் தர முடியாது என்கிற லாப நோக்கமில்லாத நிறுவனம் ஃபார்ம் 700 என்கிற சின்னப் படிவத்தில் கையெழுத்துப் போட்டு எங்களுக்கு அனுப்பினால் போதும். அதன் பிறகு அந்த நிறுவனத்தின் காசு ஒரு சென்ட் கூட இதில் சேராது. டிபிஏ தனியாக ஏற்பாடு செய்து ஊழியருக்குக் கொடுக்கும், கொடுத்த பணம் அரசின் இன்சூரன்ஸ் சந்தையில் விற்கிற கம்பெனி ஒன்றின் கட்டணக் கழிவு வழியாக எங்களுக்குத் திரும்பி வரும். சிஸ்டத்தில் இதற்காக நான் ஒரு நிழல் பிளான் கட்டினேன். ஒரே ஊழியருக்கு இரண்டு குரூப் எண், இரண்டு அட்டை, தனிக் கடிதம். முதல் அட்டையில் முதலாளியின் பெயர் இருக்கும். இரண்டாவது அட்டையில் முதலாளியின் பெயர் எங்கேயும் வரக்கூடாது, அதை மூன்று தடவை சரிபார்த்தோம். 58300 முதல் குரூப்பில் விழுந்தால் மறுக்க வேண்டும், தானாக இரண்டாவதற்குத் தாவிப் பணம் போக வேண்டும். இந்தத் தாவலைச் சரியாக ஓடவைக்க எனக்கு ஆறு வாரம் ஆனது. என் வேலை வாழ்க்கையில் நான் கட்டியதிலேயே நல்ல விஷயம் என்று அதைத்தான் சொல்வேன்.

2014 ஜனவரி 1 அன்று அது ஓட ஆரம்பிக்க வேண்டும். முந்தின ராத்திரி நாங்கள் ஆறேழு பேர் ஆபீசில் இருந்தோம். அப்போதுதான் செய்தி வந்தது, ஏழைகளின் சிறிய சகோதரிகள் சபை கேட்டபடி உச்ச நீதிமன்ற நீதிபதி சோட்டோமேயர் அவர்கள் மட்டில் இந்த விதிக்கு இடைக்காலத் தடை கொடுத்துவிட்டார் என்று. அன்றைக்கு நள்ளிரவில் நியூயார்க் டைம்ஸ் ஸ்கொயரில் புத்தாண்டுப் பந்தை இறக்கப் பொத்தானை அமுக்கியதும் அதே நீதிபதிதான். எங்கள் வாடிக்கையாளர்களுக்கு அந்தத் தடை பொருந்தாது, ஆனாலும் எங்கள் மேனேஜர் போனைக் கீழே வைக்கவே இல்லை.

அந்த சகோதரிகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1839ல் பிரான்சில் ழான் ஜுகான் என்ற பெண் கண் தெரியாத ஒரு கிழவியை வீட்டுக்குக் கூட்டிவந்து தன் கட்டிலைக் கொடுத்ததில் தொடங்கிய சபை அது. இன்றைக்கும் ஏழை முதியவர்களைக் கடைசி மூச்சு வரை பார்த்துக்கொள்வதுதான் அவர்களுடைய வேலை, இந்தியாவிலும் இல்லங்கள் உண்டு. அவர்கள் கேட்டது பண விலக்கு இல்லை, அதை அரசு ஏற்கெனவே கொடுத்துவிட்டது. அந்தப் படிவத்தில் கையெழுத்துப் போடமாட்டோம் என்றார்கள். எங்கள் கையெழுத்தினால்தான் இன்னொருவர் அதைச் செய்யப் போகிறார் என்றால் நாங்களே செய்த மாதிரிதானே என்பது அவர்கள் வாதம். இதில் ஒரு வேடிக்கையான முடிச்சு இருந்தது. அவர்களுடைய பிளான் திருச்சபை பிளான் என்ற தனி வகையில் வருவதால், அவர்கள் கையெழுத்துப் போட்டாலும் அவர்களுடைய டிபிஏவைக் கட்டாயப்படுத்த தனக்கு அதிகாரம் இல்லை என்று அரசே கோர்ட்டில் ஒத்துக்கொண்டது. அதாவது போட்டாலும் ஒன்றும் நடக்காது. அப்போதும் போடமாட்டோம் என்றார்கள்.

என் ஆபீசில் இதைக் கேட்டு எரிச்சல்படாதவர்கள் குறைவு. எனக்கு எரிச்சல் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்கு போன் போட்டுச் சொன்னேன்.

"ஒண்ணும் ஆகாதுன்னா பெறகு எதுக்குட்டி போடச் சொல்லுதாவ?" என்றார் அம்மா.

அதற்கு என்னிடம் பதில் இல்லை. அரசிடமும் இல்லை போல, அந்த ஜனவரி 24ஆம் தேதி உச்ச நீதிமன்றம், படிவம் வேண்டாம், எங்களுக்கு ஆட்சேபம் இருக்கிறது என்று அரசுக்கு ஒரு கடிதம் எழுதினால் வழக்கு முடியும்வரை போதும் என்றது.

ஆனால் கன்னியர்களின் மனசாட்சியைப் புரிந்துகொள்கிற நான் இன்னொன்றையும் கேட்டிருக்கிறேன். ஒரு அப்பீலுக்காகப் பதிவான போன் பேச்சை ஹெட்ஃபோனில் கேட்க வேண்டியிருந்தது. பேசியது ஒரு மத அமைப்பின் இல்லத்தில் முதியவர்களைக் குளிப்பாட்டி உடுத்திவிடுகிற வேலை பார்க்கும் பெண். அவருக்கு மாதவிடாய் ரத்தப்போக்கு நிற்காமல் போய்க்கொண்டிருந்தது, டாக்டர் கருத்தடை மாத்திரை எழுதியிருக்கிறார். நோய்க்கு என்று கொடுத்தால் அந்த இல்லத்துக்கும் ஆட்சேபம் இல்லை, பிளானிலேயே அப்படித்தான் இருந்தது. டாக்டர் பில்லாக இருந்தால் நோயின் குறியீட்டு எண் கூடவே வரும், சிஸ்டம் பார்த்துப் பணம் கொடுத்துவிடும். மருந்துக்கடை பில்லில் நோயின் எண் பெரும்பாலும் வருவதில்லை, மாத்திரையின் எண் மட்டும்தான் வரும். எண்ணைப் பார்த்ததும் சிஸ்டம் ரிஜெக்ட் 70, இந்த மருந்துக்குப் பணம் இல்லை, என்று திருப்பிவிட்டது. அந்த விதியை எழுதியது நான்.

போனில் எங்கள் ஆள் மரியாதையாகத்தான் பேசினார், டாக்டர் ஒரு கடிதம் அனுப்பினால் சரியாகிவிடும் என்றார். அந்தப் பெண் கோபப்படவில்லை. "இது என் வேலை இடத்துக்குத் தெரியுமா?" என்று கேட்டார். தெரியாது என்றார் இவர். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் அதையே கேட்டார். பின்னால் கடைக்காரர் அடுத்த ஆளைக் கூப்பிடுகிற சத்தம் கேட்டது. மூன்றாவது தடவை வேறு மாதிரி கேட்டார், டாக்டர் கடிதத்தில் என்ன எழுதுவார், ரத்தம் போகிறது என்று எழுதுவாரா, அதை யார் படிப்பார்கள் என்று. அவர் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று சொல்லிவிட்டு மாத்திரை வாங்காமலே போனார். அந்தப் பதிவை இரண்டாம் முறை கேட்க என்னால் முடியவில்லை.

2014 ஜூன் 30ல் ஹாபி லாபி தீர்ப்பு வந்தது. கைவினைப் பொருள் கடைகளை நாடு முழுக்க நடத்துகிற ஒக்லஹோமா குடும்ப நிறுவனம், 13,000 பேர் வேலை பார்த்த இடம். 20 வகைக் கருத்தடையில் 4ஐ மட்டும், அவசர மாத்திரை இரண்டு, லூப் இரண்டு, தரமாட்டோம் என்றார்கள், கருவுற்ற முட்டை கருப்பையில் ஒட்டாமல் அவை தடுக்கலாம் என்பது அவர்கள் நம்பிக்கை. தரவில்லை என்றால் ஆளுக்கு ஒரு நாளைக்கு 100 டாலர் அபராதம், வருஷத்துக்குக் கிட்டத்தட்ட 47.5 கோடி டாலர் வரும். 1993ல் வந்த மதச் சுதந்திரச் சட்டத்தின்படி 5க்கு 4 என்று அவர்கள் ஜெயித்தார்கள். எதிர்த்து எழுதிய நீதிபதி கின்ஸ்பர்க், குறைந்தபட்சக் கூலி வாங்குகிற பெண்ணுக்கு ஒரு லூப்பின் செலவு கிட்டத்தட்ட ஒரு மாதச் சம்பளம் என்று சுட்டிக்காட்டினார். எனக்கு அந்த வரிதான் மனசில் நின்றது, ஏனென்றால் ஜே7300 பில்லில் தொகை எவ்வளவு வரும் என்று தினமும் பார்க்கிறவள் நான். தீர்ப்பு எழுதிய நீதிபதி அலிட்டோவும் ஒன்று சொன்னார், கன்னியர்களுக்குக் கொடுத்த அந்த நடுவழியை இவர்களுக்கும் கொடுக்கலாமே, பெண்களுக்கும் நஷ்டம் இல்லை என்று. அடுத்த வருஷம் அரசு அதைச் செய்தது. எனக்கு நிம்மதியாக இருந்தது, என் நிழல் பிளானுக்கு இன்னும் இரண்டு குரூப் வந்து சேர்ந்தன.

அப்புறம் 2016ல், நீதிபதி ஸ்காலியா இறந்துபோய் எட்டு நீதிபதிகள் மட்டும் இருந்த நேரத்தில், படிவ வழக்குகளை எல்லாம் உச்ச நீதிமன்றம் முடிவு சொல்லாமல் திருப்பி அனுப்பியது. 2017 அக்டோபரில் டிரம்ப் அரசு விதியையே மாற்றியது. மத ஆட்சேபம் இருக்கிற எந்த முதலாளியும் விலக்கு எடுத்துக்கொள்ளலாம், நடுவழி என்பது அவர் விரும்பினால் மட்டும். கீழ்க் கோர்ட்டுகள் நிறுத்திவைத்தன. 2020 ஜூலை 8ல் உச்ச நீதிமன்றம் 7க்கு 2 என்று அந்த விதியை அனுமதித்தது.

செய்தியில் கன்னியர்கள் ஜெயித்தார்கள் என்று வந்தது. அவர்களுக்காக எனக்குச் சந்தோஷம்தான், உண்மையாகவே. முதியவர்களுக்குக் கஞ்சி ஊட்டுகிறவர்களைக் கோர்ட் வாசலில் ஏழு வருஷம் நிற்கவைத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் அவர்களுக்கு வழிவிட்ட அதே விதியில், இரண்டாவது அட்டையை எந்த முதலாளியும் நிறுத்திவிடலாம் என்று ஆகிவிட்டதே, அதை என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. தான் கையெழுத்துப் போடமாட்டேன் என்பது வேறு, பக்கத்து வார்டு சிஸ்டரும் வரக்கூடாது என்பது வேறு. இதை ஆபீசில் சொன்னபோது நான் எந்த வார்டைப் பற்றிப் பேசுகிறேன் என்று யாருக்கும் புரியவில்லை, அம்மா கதையை முழுசாகச் சொல்ல வேண்டியிருந்தது. என் டீம் லீட் ஐந்து பிள்ளைகள் பெற்றவர், தீவிரக் கத்தோலிக்கர், கருத்தடையே கூடாது என்று நம்புகிறவர். அவர் கேட்டுவிட்டு, "அந்த இரண்டாவது அட்டைக்குத்தான் நானும் டெஸ்ட் கேஸ் எழுதினேன்" என்று மட்டும் சொன்னார். சிஸ்டம் சரியாக ஓடுகிறதா என்று சோதிக்கிற அத்தனை கேஸையும் அவர்தான் உட்கார்ந்து எழுதினார், ஒன்றில்கூடத் தப்பு வந்ததில்லை.

அந்த வருஷக் கடைசியில் எங்கள் வாடிக்கையாளர் ஒருவர், அடுத்த ஜனவரி பிளானிலிருந்து நடுவழி வேண்டாம் என்று எழுதினார். ஊழியர்களுக்கு முன்னறிவிப்புக் கடிதம் போனது. முறைப்படி எல்லாம் சரி. நிழல் பிளானில் அவர்கள் குரூப்பைத் திறந்து முடிவுத் தேதி 12/31/2020 என்று ஏற்றியது நான்தான். சரிபார்க்க ஒரு போலி பில் ஓட்டிப் பார்த்தேன், 58300, தேதி ஜனவரி 4. முதல் குரூப்பில் மறுத்தது. எங்கேயும் தாவவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் கேட்டேன். பணி ஓய்வு பெற்றுப் பல வருஷம் ஆகிவிட்டது, காது வேறு மந்தம், இரண்டு தடவை சத்தமாகக் கேட்க வேண்டியிருந்தது.

"அன்னைக்கு அந்த சிஸ்டர் லீவுல இருந்தா என்னம்மா செய்வீங்க?"

அம்மா யோசிக்கவே இல்லை.

"அவ வீடு ஆஸ்பத்திரிக்குப் பின்னாலதான இருந்துச்சு. ஆளனுப்பிக் கூப்பிட்டுருவேன்."