பால்கனியில சம்ப், ஹால்ல சத்தமில்லாத நாலடி டேங்க் – இதுவரைக்கும் செஞ்சது

பெரம்பூர்ல எங்க பிளாட் ஹால்ல நாலடி மீன் டேங்க் செட் ஆகி ஓடிட்டு இருக்கு, ஏஞ்சல் மீனும் உள்ள வந்தாச்சு. ராத்திரி ஹால்ல தான் அப்பா படுப்பாரு, சின்ன சத்தத்துக்கே முழிச்சுப்பாரு, அதனால டேங்க் வாங்குறதுக்கு முன்னாடியே முடிவு பண்ண விஷயம் இது சத்தமே போடக்கூடாதுங்கறது தான். ஹாலை ஒட்டி சர்வீஸ் பால்கனி இருக்கு, நடுவுல ஒரே ஒரு செங்கல் சுவர், அதனால சம்பை (டேங்க் தண்ணி இறங்கி, சுத்தமாகி, மோட்டார் வழியா திரும்ப ஏறுற இன்னொரு தொட்டி) அங்க வாஷிங் மெஷின் பக்கத்துல வெச்சிட்டேன்.

ஆனா ஒண்ணு, சம்பை வெளிய தள்ளிட்டா சத்தம் போயிடும்னு நிறைய பேர் நினைக்கிறாங்க, மோட்டார் சத்தம் மட்டும் தான் போகும். ஓவர்புளோ பாக்ஸ்ல (டேங்க் தண்ணி வழிஞ்சு விழுற சின்னப் பெட்டி) தண்ணி காத்தையும் சேர்த்து இழுத்துக்கிட்டு பைப்ல இறங்கும்போது இளநீர் தீர்ற நேரத்துல ஸ்ட்ரா உறியுற மாதிரி ஒரு சத்தம் வரும் பாருங்க, அது டேங்க் இருக்குற ரூம்லயே தான் இருக்கும், சம்ப் மொட்டை மாடியில இருந்தாலும் அது நிக்காது. அதை நிறுத்த நல்ல வழி பைப்புக்குள்ள காத்து போகாம முழுசா தண்ணியா இறங்க வைக்கிறது.

அதுக்கு நான் எடுத்தது ஹெர்பி முறை. பாக்ஸ்ல ரெண்டு பைப். ஒண்ணு மெயின், வாய் எப்பவும் தண்ணிக்கு அடியில இருக்கும், கீழ சம்ப் பக்கத்துல ஒரு கேட் வால்வு. இன்னொண்ணு எமர்ஜென்சி, அது உயரமா காலியா நிக்கும், மெயின் அடைச்சா தண்ணி அது வழியா போகும், அதுல வால்வு போடவே கூடாது. வால்வை மெதுவா மூடிக்கிட்டே வந்தா பாக்ஸ்ல தண்ணி மட்டம் ஏறி மெயின் வாய்க்கு மேல ஒரு இடத்துல நிக்கும், அந்த நொடி சத்தம் அப்படியே கட் ஆகுது, கேட்டாத்தான் நம்புவீங்க. பிளம்பர் அண்ணன் "எதுக்கு சார் கேட் வால்வு, பால் வால்வு போதும்"னாரு, ஆனா பால் வால்வுல துளி திருப்பினாலே ஓட்டம் எக்கச்சக்கமா மாறிடும், இந்த மட்டத்தைப் பிடிக்கவே முடியாது. பித்தளை வால்வும் வேண்டாம்னுட்டேன், அதுல செம்பு இருக்கு, பின்னாடி இறால் விடணும்னு ஆசை, செம்பு அதுக்கு ஆகாது. பிளாஸ்டிக் கேட் வால்வு பாரிமுனைப் பக்கம் தேடித்தான் கிடைச்சது.

டேங்க் கொளத்தூர்ல செஞ்சது, 4 அடிக்கு ஒன்றரைக்கு ஒன்றரை, கிட்டத்தட்ட 250 லிட்டர். கண்ணாடியில ஓட்டை போடுறவங்க கிட்ட பைப்பை டேங்கோட சேர்க்குற டேங்க் நிப்பிளைக் கையோட கொண்டு போய் கொடுத்துடுங்க, அதை அளந்து போட்டா தான் சரியா உக்காரும். டஃபன்ட் கண்ணாடினா ஓட்டை போட்டா தூள் தூளாயிடும், அதனால சாதா கண்ணாடி தானான்னு முன்னாடியே கேட்டுக்கணும்.

சுவர்ல கோர் கட்டிங், தண்ணி சம்புக்கு இறங்க ரெண்டு டிரெயின், திரும்ப டேங்குக்கு ஏற ஒரு ரிட்டர்ன்னு மூணு ஓட்டை. பீம், காலம் பக்கமே போகக்கூடாது, செங்கல் இருக்குற இடம் தானான்னு தட்டிப் பார்த்து, அசோசியேஷன்ல சொல்லிட்டு தான் போட்டோம். பைப்பை சிமெண்ட் வெச்சு பூசிடலாம்னு சொன்னாங்க, வேண்டாம்னுட்டேன், ஏன்னா பைப் சுவரோட ஒட்டிக்கிச்சுன்னா மோட்டார் அதிர்வு முழுக்க சுவருக்கு வந்துடும், அப்புறம் சுவரே ஊம்ம்னு பாடும். ஓட்டையில பெரிய பைப் துண்டு சொருகி, நடுவுல ஃபோம் சுத்தி, ஓரத்துல மட்டும் சிலிகான் அடிச்சோம். டிரெயின் பைப் எங்கயும் நேர் மட்டமா போகாம சம்ப் பக்கம் சாய்வா இருக்கணும், இல்லனா காத்து மாட்டிக்கும். 90 டிகிரி எல்போவை முடிஞ்ச இடத்துலலாம் தவிர்த்து 45 டிகிரி பெண்டு ரெண்டு ரெண்டா போட்டேன். மெயின் பைப்போட கடைசி சம்ப் தண்ணிக்குள்ள ஒரு இன்ச் தான் முங்கி இருக்கு, அதிகமா முங்கினா ஸ்டார்ட் ஆகும்போது உள்ள இருக்குற காத்து வெளிய வராது.

மோட்டார் டிசி. ஏசி மோட்டார் நம்ம 50 ஹெர்ட்ஸ் கரண்டுல ஓடும்போது 100 ஹெர்ட்ஸ்ல ஒரு முனகல் வரும், பகல்ல தெரியாது, நடு ராத்திரியில தெரியும். டிசியில வேகத்தையும் குறைச்சுக்கலாம், மணிக்கு ஆயிரம் லிட்டர் சுத்தினா என் டேங்குக்கு நாலு சுத்து, அது தாராளம். மோட்டாருக்கு அடியில சிலிகான் பேட், பைப்போட சேருற இடத்துல அரை அடி ரப்பர் ஹோஸ், அவ்ளோ தான்.

கரண்ட் கட் கணக்கு ரொம்ப முக்கியம், இதை போடாம தண்ணி நிரப்பாதீங்க. மோட்டார் நின்னா ரிட்டர்ன் பைப் வழியாவே டேங்க் தண்ணி திரும்பி சம்புக்கு வரும், ரிட்டர்ன் வாய் காத்துல தெரியுற வரைக்கும் நிக்காது. என் டேங்க்ல ஒரு இன்ச் தண்ணினா 14 லிட்டர். வாயை மேல்மட்டத்துக்கு ஒரு இன்ச் கீழ வெச்சேன், பாக்ஸ், பைப்ல இருக்குறதையும் சேர்த்தா 30 லிட்டர்னு வெச்சுக்கலாம், சம்ப் 100 லிட்டர், பாதி தான் நிரப்பி ஓட்டுறேன். தண்ணியை ஒரே பக்கம் மட்டும் விடுற நான்-ரிட்டர்ன் வால்வை நம்பலை, நத்தையோ பாசியோ ஒண்ணு மாட்டினா போச்சு. மெயின் ஸ்விட்சை ஆஃப் பண்ணி நின்னு பார்த்தேன், விளிம்புக்கு ரொம்ப கீழயே நின்னுடுச்சு. திரும்ப ஆன் பண்ணா காத்து வெளியேறுற வரைக்கும் கொஞ்சம் குமுறும், அப்புறம் தானா அடங்கிடுது.

சென்னையில பால்கனி சம்புக்கு வெயிலும் கொசுவும் தான் பிரச்சனை. எங்களுக்கு மேற்கு வெயில், அதனால சம்பைச் சுத்தி தெர்மோகோல், முன்னாடி மூங்கில் தட்டி. மேல நைலான் வலை போட்டு ஓரத்தை டேப் ஒட்டிட்டேன், அதுவும் போதாதுன்னு சம்ப்லயே நாலஞ்சு கப்பி மீன், தப்பித்தவறி கொசுப்புழு வந்தாலும் அதுங்க விடாது.

சைக்கிளிங்குக்கு (மீன் கழிவை மாத்துற நல்ல பாக்டீரியாவை டேங்க்ல வளர விடுறது) ஃபிரெண்டு டேங்க்ல ஊறின செராமிக் ரிங் கொஞ்சம் வாங்கிப் போட்டேன், அம்மோனியா, நைட்ரைட் ரெண்டும் ஜீரோ காட்டின பிறகு தான் மீன். ஏஞ்சல் கொளத்தூர் பக்கம் வளர்த்ததாவே பார்த்து வாங்கினேன், நம்மூர் கடினத் தண்ணியில பொறந்து வளர்ந்தது, அதுக்காக தண்ணியை மாத்த வேண்டிய வேலை இல்ல.

இப்போ ராத்திரி ஃபேன் ஒண்ணுல ஓடினாலே டேங்க் சத்தம் கேக்கல, ஃபேனை ஆஃப் பண்ணிட்டு பாக்ஸ் கிட்ட காதை வெச்சா லேசா தண்ணி விழுறது தெரியும். அப்பா கிட்ட கேட்டேன், "ஓடுதா இல்லையான்னே தெரியலடா"ன்னாரு.

பாக்கி இருக்குறது டாப் அப். ஆவியாகுற தண்ணி எல்லாம் சம்ப்ல மோட்டார் இருக்குற அறையில தான் குறையும், ரொம்ப குறைஞ்சா மோட்டார் காத்தை இழுத்து சத்தம் போடும், அதனால ஃப்ளோட் வால்வு ஒண்ணு போடணும். அதுக்கு போர் தண்ணி ஊத்தப் போறதில்ல, ஆவியா போறது தண்ணி மட்டும் தான், உப்பு உள்ளயே நின்னுடும், போர் தண்ணியையே ஊத்திட்டு வந்தா டிடிஎஸ் ஏறிக்கிட்டே போகும். ஆர்ஓ தண்ணி ஒரு 20 லிட்டர் கேன்ல புடிச்சு சம்புக்கு மேல ஷெல்ஃப்ல வைக்கிறதா இருக்கேன், மாட்டிட்டு எப்படி ஓடுதுன்னு எழுதுறேன்.