க, ச, த, ந: ஏழாம் வகுப்பில் ஜப்பான்

ஒரகடம் பக்கம் ஒரு ஜப்பானியத் தொழிற்சாலையில் மொழிபெயர்ப்பாளராக இருக்கிறேன். சுற்றியுள்ள ஊர்ப் பிள்ளைகளுக்கு ஜப்பான் என்றால் அப்பாவோ அண்ணனோ ஷிப்டுக்குப் போகும் கம்பெனி, அவ்வளவுதான். அந்த நாட்டில் தங்கள் வயதுப் பிள்ளைகள் எப்படி எழுதுகிறார்கள், எதை மடித்து விளையாடுகிறார்கள் என்று காட்ட ஆசைப்பட்டுப் பக்கத்து ஊர் நடுநிலைப் பள்ளிக்குப் போனேன்.

தலைமையாசிரியை முதலில் கடிதம் கேட்டார். என்ன செய்யப்போகிறேன், எவ்வளவு நேரம், பிள்ளைகளிடம் காசு வாங்கமாட்டேன், போட்டோ எடுக்கமாட்டேன் என்று ஒரே பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன். அனுமதி வந்துவிட்டது. இதைச் செய்ய நினைக்கிறவர்கள் இந்த நான்கையும் முதலிலேயே எழுதிவிடுங்கள்.

முதல் நாள் கொக்கு மடிக்கத் திட்டம். ஹிரோஷிமாவில் குண்டு விழுந்தபோது இரண்டு வயதுக் குழந்தையாக இருந்து, 1955இல் பன்னிரண்டு வயதில் ரத்தப் புற்றுநோயால் இறந்த சடாகோ சசாகியின் கதையைச் சொன்னேன். மருத்துவமனைப் படுக்கையில் அவள் காகிதக் கொக்குகளாக மடித்துக்கொண்டே இருந்ததைக் கேட்டு, அதே பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். ஆனால் கொக்குக்கு மடிப்பு அதிகம். பை போன்ற மடிப்பைத் திறந்து அமுக்குகிற இடத்தில் பாதிப் பேர் சிக்கிக்கொண்டார்கள். நாற்பது நிமிடம் முடிந்து மணி அடித்தபோது 38 பேரில் ஏழு பேர் கையில்தான் கொக்கு. அந்தக் கதையைச் சொல்லிவிட்டுக் கசங்கின தாளோடு அவர்களை எழுப்பி அனுப்பியது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

அடுத்த முறை கபுதோ. மே 5, ஜப்பானில் குழந்தைகள் தினத்தையொட்டி மடிக்கும் போர்வீரர் தலைக்கவசம். செய்தித்தாளைச் சதுரமாக வெட்டினால் தலையில் மாட்டும் அளவுக்கு வந்துவிடும், காசும் செலவில்லை. கத்திக்கப்பல் மடித்துப் பழகிய விரல்களுக்கு இது பெரிய விஷயமே இல்லை. கடைசி பெஞ்சுப் பையன் ஒருவன் நான் சொல்வதற்கு முன்பே கொம்பு இரண்டையும் வெளியே இழுத்துவிட்டான். அப்புறம் அவன்தான் பக்கத்து வரிசைக்கு வாத்தியார்.

எனக்குப் பிடித்தது மூன்றாவது வகுப்பு. கரும்பலகையில், ஜப்பானியர் வெளிநாட்டுச் சொற்களை எழுதப் பயன்படுத்தும் கதகானா எழுத்துகளைத் தமிழ் உச்சரிப்போடு எழுதினேன். மேலே அ, இ, உ, எ, ஒ. “குறில் மிஸ்!” என்றாள் ஒரு பெண். ஆமாம், நம் குறில் ஐந்தும் அதே வரிசையில். கீழே க, ச, த, ந, ஹ, ம, ய, ர, வ. ஹ வரிசை பழைய காலத்தில் ‘ப’ என்று ஒலித்தது என்று சொல்லி அதை அழித்து ப போட்டேன். எல்லோரும் க, ங, ச, ஞ என்று விரல் விட்டு, எது எது விடுபட்டது என்று தேட ஆரம்பித்தார்கள். இந்தியாவிலிருந்து சீனா வழியாகப் பௌத்தம் போனபோது சமஸ்கிருத எழுத்து முறையும் கூடவே போனது. அதைப் படித்த துறவிகளின் வழியாக ஜப்பானில் நிலைத்த வரிசை இது. இதைப் பாடமாக ஒப்பித்திருந்தால் யாரும் கேட்டிருக்கமாட்டார்கள்.

ஜப்பானியச் சொல் பெரும்பாலும் உயிரெழுத்தில் முடியும். பஸ் அங்கே ‘பஸு’, மில்க் ‘மிருகு’. “நம்ம ஆயாவும் பஸ்ஸுன்னுதானே சொல்லும்!” என்று வகுப்பே சிரித்தது. பிறகு அவரவர் பெயரை எழுதினோம். முருகனுக்கு நாலே எழுத்து, அப்படியே பொருந்தியது. பெயரில் ழ இருந்த பெண்ணுக்கு மட்டும் முகம் வாடிவிட்டது. அங்கே ழவும் இல்லை, லவும் இல்லை, ர போட்டுத்தான் எழுதவேண்டும். “அப்ப இது என் பேரே இல்லையே மிஸ்” என்றாள். அவள் சொன்னது நியாயம். கதகானாவுக்குப் பக்கத்திலேயே தமிழிலும் பெரிதாக எழுதிக் கொடுத்தேன்.

நான்காவதாக, ஜப்பானியப் பள்ளிகளில் பிள்ளைகளே வகுப்பறையைக் கூட்டித் துடைக்கும் ‘ஸோஜி’யைச் செய்து பார்க்கலாம் என்றேன். தலைமையாசிரியை உடனே மறுத்துவிட்டார். நம் ஊர்ப் பள்ளிகளில் துடைப்பம் எந்தப் பிள்ளை கைக்குப் போகும் என்பதற்குப் பின்னால் சாதி இருக்கிறது. பெற்றோர் கொதிப்பதில் தப்பே இல்லை. அங்கே முறை வைத்து எல்லோரும் செய்கிறார்கள், ஆசிரியரும் கூடவே நிற்கிறார் என்று விளக்கினேன். நான்கு நாள் யோசித்தார். பெற்றோர் கூட்டத்தில் பேசினார். “சரி, ஆனா கழிப்பறைப் பக்கம் யாரும் போகக்கூடாது. சீட்டுக் குலுக்கித்தான் வேலை” என்றார். அவர் பெயரையும் என் பெயரையும் சீட்டில் எழுதிப் போட்டோம். எனக்கு ஜன்னல், அவருக்குத் துடைப்பம்.

வருகிற ஜூலை 7 தனபதா. ஆசையைக் காகிதப் பட்டையில் எழுதி மூங்கில் கிளையில் கட்டும் நாள். மூங்கிலுக்குத்தான் இப்போது அலைந்துகொண்டிருக்கிறேன்.