மலைச்சரிவில் பார் பிடித்த காடுகள்: அயர்லாந்து நாட்குறிப்பு

மே 24, 2024, வெள்ளி. டப்ளின்

கல்யாணமாகிப் பத்து வருடத்தில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் கிளம்பிய முதல் பயணம் இது. பையன் என் அம்மா வீட்டில். காங்கேயத்தில் மாடுகளையும் கொரங்காடு என்கிற மேய்ச்சல் நிலத்தையும் மாமா, அதாவது என் வீட்டுக்காரரின் அப்பா, பார்த்துக்கொள்கிறார். எதற்காக வந்திருக்கிறீர்கள் என்று விமான நிலையத்தில் கேட்டார்கள். மலை ஏற, கடலில் போக, மாடு பார்க்க என்றார் இவர். மூன்றாவதைக் கேட்டதும் அந்த அதிகாரியின் முகம் மலர்ந்துவிட்டது. அவருடைய அப்பாவும் மாடு வைத்திருப்பவராம்.

சாயங்காலம் லிஃபி ஆற்றங்கரையில் நடந்தோம். கஸ்டம் ஹவுஸ் கரையில், 1840-களில் உருளைக்கிழங்கு அழுகிப்போய் வந்த பஞ்சத்தின் நினைவாக ரோவன் கில்லெஸ்பி செய்து 1997-இல் வைத்த வெண்கலச் சிலைகள் நிற்கின்றன. பீடம் கிடையாது. எலும்பும் தோலுமாக, நம்மோடு சேர்ந்து தரையிலேயே கப்பலை நோக்கி நடக்கிறார்கள். ஒருவர் தோளில் குழந்தை துவண்டு கிடக்கிறது. பின்னால் ஒரு நாய் வருகிறது. பயணத்தின் முதல் நாளில் இதைப் பார்ப்போம் என்று நினைக்கவில்லை. இவர் அந்த நாயின் பக்கத்திலேயே ரொம்ப நேரம் நின்றார்.

மே 26, ஞாயிறு. கெர்ரி

நேற்று முழுக்கக் கார். இங்கேயும் நம்மைப் போல இடப்பக்கம்தான் ஓட்ட வேண்டும் என்பதால் பயமில்லை. ஊர்ப்பாதைகள்தான் ஒரு வண்டி அகலம், இரண்டு பக்கமும் வேலி. எதிரே யாராவது வந்தால் ஒருவர் பின்னுக்குப் போகிறார், மற்றவர் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்கி வணக்கம் சொல்லிவிட்டுக் கடக்கிறார். இவரும் அதை உடனே பழகிக்கொண்டார்.

இன்று கேரன்டூஹில். அயர்லாந்தின் உயரமான மலை, 1,038 மீட்டர். காலை எட்டு மணிக்கு ஒரு வழிகாட்டியோடு க்ரோனின்ஸ் யார்டில் கிளம்பினோம். ஹேக்ஸ் க்ளென் பள்ளத்தாக்கில் இரண்டு ஏரிகள், நடுவே ஓடைகள், சுற்றிலும் செம்மறிகள். அதைத் தாண்டினால் டெவில்ஸ் லேடர். ஏணி என்று பெயர்தான், உண்மையில் அது சரளைக்கல்லும் ஈரமண்ணுமாகச் சரிந்து கிடக்கிற செங்குத்தான மலை இடுக்கு. வருடக்கணக்காக ஆட்கள் ஏறி ஏறி அரித்துப்போயிருக்கிறது. மேலே இருப்பவர் கால் பட்டு உருளும் கல் கீழே இருப்பவர் மேல் விழும் என்பதால் ஒட்டி ஏறக்கூடாது. "கல்ல நம்பாத கண்ணு, கால ஊனிப் பாத்துட்டு அப்பறம் எடை போடு" என்று சொல்லிக்கொண்டே இவர் முன்னால் போனார்.

மேலே வந்து சேர்ந்தபோது மேகம் இறங்கிவிட்டது. மூன்றடிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. உச்சிக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருக்கும். இவருக்கு முழங்கால் வலிக்க ஆரம்பித்திருந்தது, ஆனால் நான் ஆசைப்படுகிறேன் என்று வாயைத் திறக்கவில்லை. நான்தான் "போதுங்க, எறங்கிரலாம்" என்றேன். வழிகாட்டி ஒரு வார்த்தை கூடச் சொல்லாமல் என் தோளைத் தட்டினார். ஜிக்ஜாக்ஸ் என்ற இன்னொரு பாதை வழியாக இறங்கினோம். அழுகை வந்தது. பண்ணையில் சூடாகச் சூப்பும் பழுப்பு ரொட்டியும் கொடுத்தார்கள். இங்கே டீயில் பால் ஊற்றித்தான் குடிக்கிறார்கள், அதுவும் நல்ல கடுப்பமாக.

மே 28, செவ்வாய். ஸ்கெலிக் மைக்கேல்

பிப்ரவரியிலேயே இடம் பிடித்திருந்தும் கடல் விட்டால்தான் போக முடியும். ஒரு நாளில் 180 பேருக்கு மேல் தீவில் இறங்கக் கூடாது. ஒரு படகுக்கு 12 பேர். காலை ஏழரைக்கு "புறப்படுகிறோம்" என்று குறுஞ்செய்தி வந்ததும் இரண்டு பேரும் சின்னப் பிள்ளைகள் மாதிரி குதித்தோம்.

போர்ட்மகீயிலிருந்து கிளம்பினோம். முதலில் லிட்டில் ஸ்கெலிக். தூரத்தில் பாறை முழுக்கப் பனி விழுந்த மாதிரி இருந்தது. கிட்டே போனால் அத்தனையும் கேனட் பறவைகள். ஆயிரக்கணக்கில் கூடு, ஒரே இரைச்சல். மேலிருந்து இறக்கையை மடித்துக்கொண்டு ஈட்டி மாதிரி கடலில் பாய்கின்றன.

பெரிய ஸ்கெலிக் 218 மீட்டர் உயரத்துக்குக் கடலிலிருந்து நேராக எழும்பி நிற்கிறது. படகு அலையோடு ஏறி இறங்கும்போது, படகுக்காரர் "இப்போ" என்றதும் படிக்கட்டில் காலை வைக்க வேண்டும். மேலே போக 618 கல்படிகள். ஆயிரம் வருடத்துக்கு முன் துறவிகள் அடுக்கியவை. பெரும்பாலும் கைப்பிடி கிடையாது. கீழே பார்த்தால் கடல்.

எனக்கு உயரம் பயம். முதல் நூறு படி அவர் கையைப் பிடித்துக்கொண்டே ஏறினேன். பிறகு பஃபின் என்ற கடற்பறவை ஒன்று வளையிலிருந்து வெளியே வந்து, என் செருப்புக்கு இரண்டடி தள்ளி நின்று என்னைப் பார்த்தது. புறாவை விடக் குட்டியான உடம்பு, பட்டை பட்டையாகச் சாயம் பூசின மாதிரி அலகு. அதைப் பார்த்துக்கொண்டே நின்றதில் பயம் எங்கே போனது என்றே தெரியவில்லை.

மேலே மடம். ஆறு தேன்கூடு வடிவக் குடில்கள், இரண்டு ஜெபக்கூடங்கள். சுண்ணாம்பு, சாந்து எதுவும் இல்லை, வெறும் கல்லைக் கல் மேல் கொஞ்சம் கொஞ்சமாக உள்தள்ளி அடுக்கி மேலே மூடியிருக்கிறார்கள். வெளியே வட்டம், உள்ளே சதுரம். உள்ளே போய் நின்றேன். காற்றின் சத்தம் சட்டென்று நின்றுவிட்டது. மழைத் தண்ணீரைச் சேர்க்கத் தொட்டி கட்டியிருக்கிறார்கள், சின்னத் தோட்டம் போட்டிருக்கிறார்கள், மீனும் பறவை முட்டையும் தின்று வாழ்ந்திருக்கிறார்கள். 12, 13-ஆம் நூற்றாண்டு வாக்கில் கரைக்குத் திரும்பிவிட்டார்களாம். இவர் சுவரில் கையை வைத்து, "இத்தன வருசக் காத்துக்கு ஒரு கல்லுகூட நகுரல" என்றார். ஏறும்போது இவர் முழங்கால் நினைவே எனக்கு வரவில்லை. இறங்கும்போது நான் முன்னால் போனேன், அவர் என் தோளில் கை வைத்து வந்தார்.

மே 29, புதன். கிளேர்

டார்பர்ட்டில் காரோடு ஃபெர்ரி ஏறி ஷானன் கழிமுகத்தைக் கடந்தோம், இருபது நிமிடம். மாலையில் மோஹர் பாறைமுகடுகள். 214 மீட்டர் உயரச் சுவர், கூட்டம். நல்ல இடம்தான். ஆனால் நேற்று ஸ்கெலிக் பார்த்துவிட்டு வந்த கண்ணுக்கு வேறு எதுவும் ஏறவில்லை. ராத்திரி பத்து மணிக்கும் வானத்தில் வெளிச்சம் இருந்தது.

மே 30, வியாழன். பர்ரன்

இந்தப் பயணத்தில் இவர் வாயடைத்து நின்ற இடம் இது. கண்ணுக்கெட்டும் வரை சாம்பல் நிறச் சுண்ணாம்புப் பாறை, மேலே விரிசல் விரிசலாக. மண்ணே இல்லை என்று நினைத்தால் ஒவ்வொரு விரிசலிலும் பூ. ஜென்ஷன் என்ற ஒன்று, பார்த்தால் கண் கூசுகிற நீலம். பனிமலையில் வளர்கிற செடியும் மத்தியதரைக்கடல் பக்கத்துச் செடியும் இங்கே அடுத்தடுத்து வளர்கின்றன.

அதற்கு மாடுதான் காரணம் என்று ஒரு பண்ணைக்காரர் வேலியோரம் நின்று சொன்னார். எல்லா ஊரிலும் வெயில் காலத்தில் மாட்டை மலைக்கு ஓட்டுவார்கள், குளிருக்குக் கீழே இறக்குவார்கள். இங்கே நேர்மாறு. கோடை வெயிலைப் பாறை பிடித்து வைத்துக்கொண்டு குளிர்காலத்தில் கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறது, மழைத் தண்ணீர் விரிசலில் இறங்கித் தரை காய்ந்துவிடுகிறது. அதனால் குளிரில்தான் மாடு மலையில் மேயும். கோடையில் மேய்ச்சல் இல்லாததால் பூக்கள் பிழைத்துக்கொள்கின்றன. மாடு மேயாமலே விட்டால் புதர் மண்டிப் பூவை மூடிவிடும். நம் கொரங்காட்டில் கிலுவை வேலிக்குள் கொழுக்கட்டைப் புல்லை ஆற விட்டு மாட்டை மாற்றி மாற்றி விடுகிற கதையை இவர் தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னார். இரண்டு பேரும் அரைமணி நேரம் பேசினார்கள். நான் பக்கத்தில் பாறையில் உட்கார்ந்து பூ பார்த்தேன். அவர் இவ்வளவு பேசி நான் பார்த்து ரொம்ப நாளாகிவிட்டது.

மே 31, வெள்ளி. இனிஷ் மோர்

டூலினிலிருந்து படகு, தீவில் வாடகைச் சைக்கிள். இங்கே எங்கு திரும்பினாலும் கல்சுவர். வயலுக்குக் கடவே கிடையாது. மாட்டை உள்ளே விட வேண்டுமென்றால் சுவரில் ஓரிடத்தில் கல்லை எடுத்து வைத்துவிட்டு, மாடு போனதும் திரும்ப அடுக்கிவிடுவார்கள். வெறும் பாறை மேல் மணலையும் கடற்பாசியையும் சுமந்து கொட்டி மண்ணே இவர்கள் உண்டாக்கினதுதான்.

தீவு மக்கள் பேசுவது ஐரிஷ். சுவர் அடுக்கிக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் ஆமாம், இல்லை என்பதற்கு ஐரிஷில் என்ன சொல்வது என்று கேட்டேன். அதற்குத் தனியாக வார்த்தை இல்லையாம். "வந்தாயா?" என்றால் "வந்தேன்" அல்லது "வரவில்லை". நாங்களும் அப்படித்தான் பேசுவோம் என்றதும் கல்லைக் கீழே வைத்துவிட்டுக் கை கொடுத்தார்.

டூன் எங்கஸ் கோட்டை கடலோர விளிம்பில் நிற்கிறது, தடுப்பு எதுவும் இல்லை. வயிற்றில் படுத்து எட்டிப் பார்த்தோம். கீழே அலை உடைகிற சத்தம் பாறை வழியாக நெஞ்சில் கேட்டது.

ஜூன் 1, சனி. கில்லரி

கடல் மலைகளுக்கு நடுவே 16 கிலோமீட்டர் உள்ளே நீண்டு வந்திருக்கிறது. வடகரை மேயோ, தென்கரை கால்வே. இரண்டு பேர் உட்காரும் கயாக். நான் கிணற்றில் சுரைக்குடுக்கை கட்டி நீச்சல் பழகினவள், தண்ணீர் எனக்குப் பயமில்லை. சிப்பி வளர்க்கிற கயிறுகளைத் தாங்கும் மிதவை வரிசைகளுக்கு நடுவே காற்று திடீரென்று குறுக்கே அடித்ததில் கவிழ்ந்தோம். உடம்பை ஒட்டின ரப்பர் உடுப்பு போட்டிருந்தும் குளிர் மூச்சை நிறுத்திவிட்டது. வழிகாட்டி இரண்டே நிமிடத்தில் எங்களைத் திரும்ப ஏற்றிவிட்டார்.

நடுங்கிக்கொண்டே கரைக்கு வரும்போது சாய்ந்த வெயில் தென்கரை மலையில் விழுந்தது. புல் சரிவில் மேலிருந்து கீழாக வரி வரியாக நிழல். அழகாக இருக்கிறது, இயற்கையாகவே இப்படியா என்று நான் கேட்டேன். இவர் துடுப்பை நிறுத்திவிட்டார்.

"இயற்கையில்ல கண்ணு. அது பார் புடிச்ச காடு. யாரோ மம்மட்டில வெட்டியிருக்காங்க."

எங்கள் பக்கம் வயலைக் காடு என்போம். வழிகாட்டி ஆமாம் என்றார். உருளைக்கிழங்கு நட மண்ணை வரி வரியாக உயர்த்திக் கட்டிய பார்கள். பஞ்சத்தில் நட்டவர்கள் செத்துப்போனார்கள், மிச்சமானவர்கள் கப்பலேறினார்கள். அதற்குப் பிறகு அந்தச் சரிவை யாரும் வெட்டவில்லை.

ஜூன் 2, ஞாயிறு. கில்லரி, டூலோக்

தென்கரையில் பச்சைப் பாதை என்று ஒன்று இருக்கிறது. பஞ்ச நிவாரண வேலையாக, பசித்த ஜனங்களைக் கல் சுமக்க வைத்துப் போட்டது. அதில் நடந்தோம். வழியில் ஃபோஹர் என்ற கிராமம், கூரை இல்லாத வீடுகள், அடுப்பு இருந்த இடம் இன்னும் தெரிகிறது. வாசலிலிருந்தே பார்கள் ஆரம்பிக்கின்றன. இவர் ஒன்றின் குறுக்கே படுத்து அளந்தார். தலை ஒரு வாய்க்காலில், முழங்கால் மறு வாய்க்காலில்.

1841 கணக்கெடுப்பில் 80 லட்சத்துக்கு மேல் இருந்த ஜனம், 1851-இல் 65 லட்சம். பத்து லட்சம் பேர் போல இறந்தார்கள். தாது வருசப் பஞ்சத்தைப் பற்றித் தன் பாட்டி சொன்னதை இவர் சொல்லிக்கொண்டு வந்தார். 1877-இல் மதராஸ் முகாம்களில் நாள் முழுக்க வேலை செய்த ஆணுக்கு ஒரு பவுண்டு தானியமும் கொஞ்சம் சில்லறையும். சென்னையில் பக்கிங்காம் கால்வாயின் ஒரு துண்டு அந்தக் கூலிக்கு வெட்டினது. இரண்டு ஊரையும் ஆண்டது ஒரே ராஜாங்கம்.

மத்தியானம் டூலோக் பள்ளத்தாக்கு. 1849 மார்ச் கடைசியில் லூயிஸ்பர்க்கில் நிவாரணத்துக்குக் கூடிய நூற்றுக்கணக்கானவர்களை, மறுநாள் காலை டெல்ஃபி மாளிகைக்கு வந்து அதிகாரிகளைப் பார்க்கச் சொன்னார்கள். 19 கிலோமீட்டர் போல. குளிரில் நடந்தே போனார்கள். அங்கே எதுவும் கொடுக்காமல் திருப்பி அனுப்பினார்கள். திரும்பும் வழியில் விழுந்து செத்தவர்கள் எத்தனை என்பதில் இன்றைக்கும் கணக்கு ஒத்துப்போகவில்லை. சாலையோரம் ஒரு கல் சிலுவை நட்டிருக்கிறார்கள். குனிந்து படித்தால் காந்தியின் வாக்கு: சக மனிதரை இழிவுபடுத்துவதில் மனிதர்கள் எப்படிப் பெருமை கொள்ள முடியும்? வேறு யாரும் அங்கே இல்லை. ஏரியில் மேகத்தின் நிழல் நகர்ந்துகொண்டிருந்தது. பையில் இருந்த சோடா ரொட்டியை எடுக்க எனக்கு மனசு வரவில்லை.

ஜூன் 3, திங்கள். டப்ளின் விமான நிலையம்

ஷூ இன்னும் ஈரம். இவர் மாமாவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். ஸ்கெலிக், கயாக் எதையும் மாமா காதில் வாங்கவில்லை. பார்களைப் பற்றிச் சொன்னதும் நிறுத்திக் கேட்டார்.

"எத்தன அகலஞ் சாமி?"

"தலைலிருந்து முழங்கால் வரைக்குங்ப்பா. ரெண்டு பக்கமும் ஆழமா வாய்க்கா."

"மழ சாஸ்திங்கறயே, அப்ப ஆழமாத்தான் வெட்டோணும். தண்ணி வடியோணுமில்ல." கொஞ்ச நேரம் சத்தமில்லை. "நல்லாத்தான் வெள்ளாம பண்ணிருக்காங்க."