எந்த மொழிக்கு வேலை அதிகம்?

காரைக்குடியில் கணினி படிக்கும் அண்ணன் மகன், நிரல்மொழிகளை வரிசைப்படுத்தும் டியோபி (TIOBE) பட்டியலை அனுப்பி, "சித்தப்பா, மேலே இருக்கிறதைப் படிச்சா வேலை கிடைச்சிடுமா?" என்று கேட்கிறான்.

டியோபி வேலைகளை எண்ணுவதே இல்லை. தேடுபொறிகளில் ஒரு மொழியின் பெயர் எவ்வளவு வருகிறது என்று பார்த்துப் போடும் கணக்கு அது. நிரலர்கள் கேள்வி கேட்டுப் பதில் பெறும் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தளத்தின் கருத்துக்கணிப்பும் நிரலர்களிடம் கேட்பதுதான், முதலாளிகளிடம் அல்ல.

சரி, வேலை விளம்பரங்களையே எண்ணலாம் என்றால் அங்கேதான் கூத்து. 'ஜாவா' என்று தேடினால் ஜாவாஸ்கிரிப்டும் ஒட்டிக்கொண்டு வரும். 'கோ' (Go) மொழியைப் போட்டால் அந்த ஆங்கிலச் சொல் இருக்கிற விளம்பரமெல்லாம் வந்து விழும். ஒற்றை எழுத்துப் பெயர் வைத்த 'சி', 'ஆர்' மொழிகளைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். ஒரே வேலையை நாலு கன்சல்டன்சி போட்டிருப்பார்கள். தரவுத்தளத்தில் தகவல் எடுக்க உதவும் எஸ்கியூஎல் எல்லாவற்றிலும் கறிவேப்பிலை மாதிரி கிடக்கும். அது மட்டும் தெரிந்தால் எடுப்பார்களா என்பது வேறு கதை.

அவனிடம் சொன்னது இதுதான்: மதுரை, கோவை, சென்னை என்று ஊர்வாரியாகப் பிரி. புதியவர்களுக்கான வேலையை மட்டும் வடிகட்டு. இரட்டிப்பை நீக்கு. பிறகு ஒவ்வொன்றையும் திறந்து, எந்த மொழி கட்டாயம், எது 'தெரிந்தால் நல்லது' என்று குறித்துக்கொள். விண்ணப்பித்தவர் எண்ணிக்கை தெரிந்தால் அதையும் பக்கத்தில் எழுது. நூறு வேலைக்கு ஆயிரம் பேர் நிற்கிற மொழியை விட, பத்து வேலைக்கு இருபது பேர் நிற்கிற மொழி தேவலை.

"இதையெல்லாம் குறிச்சு வைக்க எக்செல் போதுமா சித்தப்பா?" என்கிறான். தாராளமாய்ப் போதும்.