4.5ஆ 4.05ஆ? கிரவுண்டில படிக்கிற கணக்கு

நீளம் பாய்தல்ல ஒரு பிள்ள 4 மீற்றர் 5 சென்ரிமீற்றர் பாயுது, பேப்பர் பிடிச்சிருக்கிற பெடியன் 4.5 எண்டு எழுதிப் போட்டு அடுத்த ஆளக் கூப்பிடுறான். பாயாத 45 சென்ரிமீற்றர் அந்தப் பிள்ளைக்குக் கிடைச்சிட்டு, உண்மையா 4.38 பாஞ்ச மற்றப் பிள்ள ரெண்டாம் இடத்துக்குப் போயிட்டு. 4.05 எண்டு எழுதியிருக்கோணும். ஒரு சைபர் விட்டதுக்கு ஒரு பிள்ளைட முதலாம் இடம் போகுது எண்டா அது சின்ன விசயமா?

நான் மட்டக்களப்பில களுவாஞ்சிகுடிப் பக்கம் தரம் 6, 7 பிள்ளையளுக்குக் கணக்கு படிப்பிக்கிற. பள்ளியில இல்லங்களுக்கிடையில விளையாட்டுப் போட்டி வருதெண்டா வகுப்பில ஒருத்தருக்கும் புத்தகத்தில மனம் நிக்காது, அந்த நேரம் நான் கிரவுண்டையே கணக்காக்கிப் போடுவன். பின்னமும் தசமமும் விளங்குதில்ல எண்டு சொல்ற பிள்ளையளுக்கு மூளை இல்லாம இல்ல, புள்ளிக்குப் பிறகு வாற இலக்கம் எதில பங்கு எண்டு அதுகளக் கேக்கப் பழக்கல்ல, அவ்வளவுதான். மீற்றரில அது பத்தில, நூறில பங்கு. நேரத்தில நிமிசத்துக்குப் பிறகு வாறது அறுபதில பங்கு, 1500 மீற்றர 5 நிமிசம் 30 செக்கனில ஓடினா அது 5.5 நிமிசம், 5.3 இல்ல.

கிரிக்கட்டில ஆறில பங்கு, இதுதான் பிள்ளையள ஆகக் குழப்புறது. 12.4 ஓவர் எண்டு போட்டா பாக்கத் தசமம் மாதிரித்தான் இருக்கும், ஆனா அது 12 ஓவரும் 4 பந்தும், அதாவது 12 உம் 4/6 உம், சுருக்கினா 12 உம் 2/3 உம், கலப்பெண்ண உடைச்சா 38/3. ஒரு டீம் அதில 76 ஓட்டம் எடுத்திருக்கு எண்டு வைங்க, ஓவருக்கு எத்தின ஓட்டம் எண்ட ரன் ரேட்டப் பாக்க 76ஐ 12.4ஆல வகுத்தா 6.13 எண்டு வரும், பிழை. 2/3ஐ 0.67 எண்டு தசமமாக்கி 12.67ஆல வகுத்தா 5.998, கிட்ட வருது ஆனா வந்து சேரல்ல. பின்னமாவே வச்சு 76ஐ 3ஆல பெருக்கி 38ஆல வகுத்துப் பாருங்க, சரியா 6. அதாலதான் கணக்கு முடியிற மட்டும் பின்னத்த விடாதைங்க, ஆளுக்காள் ஒப்பிடுற நேரம் மட்டும் தசமத்துக்கு வாங்க எண்டு திரும்பத் திரும்பச் சொல்ற.

2023 ஆசியக் கிண்ணத்தில லாகூரில நம்மட ஆக்களும் ஆப்கானிஸ்தானும் விளையாடின மெட்ச் ஞாபகமா? அடுத்த சுற்றுக்குப் போக ஆப்கானிஸ்தானுக்கு 37.1 ஓவருக்குள்ள 292 தேவை. 37 ஓவர் முடிய 289, மிச்சம் இருந்த அந்த ஒரு பந்தில விக்கட் போக 289லயே நிண்டுட்டாங்க, ஆனா கணக்கு அதோட முடியல்ல, 37.4 ஓவருக்குள்ள 295க்கு வந்திருந்தாலும் ரன் ரேட்டில போயிருக்கலாம், அதாவது மிச்சம் இருந்த பந்துகளில ஒரே ஒரு சிக்ஸ். அடுத்த ஆள் அடிக்காம தட்டித் தட்டி நிண்டு 37.4ல அவுட், ஆப்கானிஸ்தான் 289, இலங்கை 2 ஓட்டத்தால வெற்றி. அந்தக் கணக்கத் தங்களுக்கு யாரும் சொல்லல்ல எண்டு அவங்கட கோச் பிறகு சொன்னார். இத வகுப்பில சொல்லேக்க கடைசி வாங்குப் பெடியன்களும் எழும்பி நிண்டு கேப்பாங்க.

தசமத்த ஒப்பிடுறதுக்கு நான் எப்பயும் எடுக்கிறது சுசந்திகா ஜயசிங்க. 2000 சிட்னி ஒலிம்பிக் 200 மீற்றரில அவ 22.28, முன்னுக்குப் போன பஹாமாஸ் வீராங்கனை 22.27. செக்கனில நூறில ஒரு பங்கு. 200ஐ 22.28ஆல வகுத்தா செக்கனுக்குக் கிட்டத்தட்ட 9 மீற்றர், அதில நூறில ஒண்டு எண்டா 9 சென்ரிமீற்றர், அடிமட்டத்தில அளந்து காட்டினா பிள்ளையள் நம்பாதுகள். (முதலா வந்த மரியன் ஜோன்ஸ்ட பதக்கத்தப் பறிச்ச பிறகு சுசந்திகாக்கு வெள்ளி கிடைச்சது.) இதுக்குப் பிறகு "ரீச்சர், 13.6 விட 13.58 தானே கூட, 58 பெரிசெல்லோ" எண்டு கேக்கிற பிள்ளைக்கு, 13.6 எண்டா 13.60 மனே எண்டு ஒரு சொல்லில விளங்கப்படுத்திரலாம்.

எனக்கு ஆக விருப்பம் ட்ரக் கீறுற கணக்கு. 400 மீற்றர் போட இடமில்லாத பள்ளியில 200 மீற்றர் ட்ரக்தான் போடுற, ஒரு லேன் 1.22 மீற்றர் அகலம். ரெண்டு வளைவும் சேந்தா ஒரு வட்டம், ஒரு லேன் வெளிய போனா அதிட விட்டம் ரெண்டு பக்கமும் சேத்து 2.44 கூடும், அத 22/7ஆல பெருக்கினா 7.67, 3.14ஆல பெருக்கினா 7.66, வித்தியாசம் ஒரு சென்ரிமீற்றர் கூட இல்ல. அதுதான் ஒரு சுத்துக்கு வெளி லேன்காரன் முன்னுக்கு நிக்க வேண்டிய தூரம். கிரவுண்ட் சின்னனோ பெரிசோ, வளைவுட ஆரை எவ்வளவோ, அந்த 7.67 மாறாது, ஏனெண்டா கூடுறது லேன் அகலம் மட்டும்தான். சரி, 200 மீற்றர் ட்ரக்கில 400 மீற்றர் ஓட்டம் முழுக்க லேனுக்குள்ளயே ஓடினா மூண்டாம் லேன் பிள்ள எங்க நிக்கோணும்? ரெண்டு லேன், ரெண்டு சுத்து, நாலு தரம் 7.67, அப்ப 30.68 மீற்றர் முன்னுக்கு. பிள்ளையளக் கொண்டே டேப்பப் பிடிச்சு அளந்து நிக்க வைங்க, "இவ்வளவு முன்னுக்கா, இது களவு" எண்டு முதலாம் லேன்காரன் கட்டாயம் சண்டைக்கு வருவான், அவன்ட கையிலயே பென்சிலக் குடுங்க.