பாசி எடுக்கும் அக்காமாரும் என் கள ஆய்வும்

மன்னார் வளைகுடாவில் கடல்பாசி எடுக்கும் பெண்களைப் பற்றித்தான் என் முனைவர் பட்ட ஆய்வு. கேள்விப் பட்டியல், ஒப்புதல் படிவம், கைடின் கையெழுத்து எல்லாம் முடிந்து, இப்போது ராமநாதபுரம் கடற்கரையில் தங்கியிருக்கிறேன்.

இங்கே என் நாளைக் கடல்தான் முடிவு செய்கிறது. நீரோட்டம் தோதாக இருந்தால் அக்காமார் காலையிலேயே வள்ளம் ஏறிவிடுவார்கள். பாறை கிழிக்காமல் இருக்க ஒவ்வொரு விரலிலும் துணியைச் சுற்றி, பல்லால் கடித்து இறுக்குகிற வேகத்தைப் பார்க்க வேண்டும்! ஆக்சிஜன் உருளை கிடையாது. மூச்சை அடக்கி முங்குவதுதான். கரைக்கு வந்து, பாசியைக் காயப்போட்டு, வீட்டில் உலை வைத்த அப்புறம்தான் என்னிடம் பேச நேரம். அந்தப் பேச்சை இரவில் உட்கார்ந்து தட்டெழுதுவேன்.

1986இல் இங்குள்ள தீவுகளை அரசு கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்தது. அதிலிருந்து தீவோரம் போகத் தடை. "பாசிய வேரோட பிடுங்க மாட்டோம் தாயி, பிடுங்கினா மறுவருசம் எங்களுக்கு ஏது?" என்றார் ஓர் அக்கா. கடலைக் காக்கிற அறிவு அவர்களிடமும் இருக்கிறது. அதை 'மரபறிவு' என்று ஒரே வரியில் கடந்துபோக எனக்கு மனமில்லை. தனி அத்தியாயமே எழுதப் போகிறேன்.